ஏலத்துக்கு வரும் பொலிஸ் வண்டி: எடுப்பவர் எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

அரச திணைக்களங்களின் பழைய வாகனங்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று பத்திரிகையில் அறிவித்தல் ஒன்று வெளியானால், அன்று எனது கடைத் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனுக்கு எல்லா வண்டியின் ஜாதகமும் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அழைப்பவர்களில் அரைவாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "நானா, பொலிஸ் கெப் ஒன்று வருது. மீற்றர் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருக்கு. எடுத்தால் மாட்டிக்கொள்வோமா?"

மாட்டிக்கொண்டவர்களும் உண்டு, நன்றாக உழைத்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பையும் கடந்த பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று இலட்சம் என்ற அந்த எண் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. அடுத்தது, சொந்த வியாபாரத்துக்கு ஓட்டுவதற்காக எடுப்பவர் கணக்குப் பார்த்து எடுக்கலாம். மினுக்கிக் கைமாற்றி இலாபம் பார்க்கலாம் என்று எடுப்பவருக்கு இது இப்போது கூடாத காலம்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இந்நாட்டில் வாகனம் என்பது தங்கத்தைப் போல ஆகியது. நான்கு வருடம் ஓட்டிய காரை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்தக் காலத்தில் ஏலத்தில் எந்தக் கழிவு வண்டியை எடுத்தவனும் கெட்டிக்காரனாகத் தெரிந்தான். உண்மையில் வண்டி உழைக்கவில்லை, தட்டுப்பாடுதான் உழைத்தது. துறைமுகத்தில் மீண்டும் வாகனங்கள் இறங்கத் தொடங்கிய பின்னரும் 2022ஆம் வருடத்து மனதோடு கேள்விமனுப் பத்திரத்தை நிரப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025இல் ஜனாதிபதி செயலகம் தனது சொகுசு வாகனங்களை ஏலத்தில் விட்ட பின்னர் இந்த ஆசை கொஞ்சம் கூடியிருப்பதாகவும் எனக்குத் தோன்றுகிறது. அரசாங்கத்து வண்டி என்றால் நல்ல பராமரிப்பு, எடுத்தால் பரக்கத் என்று ஒரு பேச்சு.

இந்தப் பராமரிப்புப் பேச்சில் உண்மை எவ்வளவு என்பதை அறிய நான் அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்க்கச் சொல்வேன். பழைய பொலிஸ் கார்களை ஏலத்தில் எடுப்பது அந்நாட்டில் ஒரு தனித் தொழில். அங்கே நகர, மாவட்ட நிர்வாகங்கள் தமது வண்டிகளைக் குறித்த காலம் ஓடியதும் ஏலத்தில் விட்டுவிடும். 1990களிலும் 2000களிலும் அந்த ஏலங்களின் ராஜா ஃபோர்ட் கிரவுன் விக்டோரியா என்ற கார். 4.6 லீற்றர் வீ-8 என்ஜின், லொறியைப் போலத் தனிச் சேஸிஸ், பின்சில்லு இழுவை. 2011 செப்டெம்பரில் கனடாவின் சென் தோமஸ் தொழிற்சாலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. ஒரு இலட்சம் மைல், அதாவது 1,60,000 கிலோமீற்றர் ஓடிய பின்னர் ஏலத்தில் இவற்றை எடுத்து, மஞ்சள் அடித்து, டக்சியாக இன்னும் ஒரு இலட்சம் மைலுக்கு மேல் ஓட்டியவர்கள் அங்கே ஏராளம். அந்தக் கார் எமக்கு வேண்டியதில்லை, ஸ்டியரிங் இடதுபக்கம். வேண்டியது அந்த வியாபாரிகள் கற்ற பாடம்.

பொலிஸ் காருக்கு அங்கே சாதாரண காருக்கு இல்லாத பலம் கொடுத்திருப்பார்கள். பெரிய ஒல்டர்னேற்றர், என்ஜின் ஒயிலுக்கும் கியர் ஒயிலுக்கும் கூலர், கடினமான ஸ்பிரிங், பெரிய பிரேக். சேர்விஸ் திகதி தவறாது. தனியார் ஒருவர் கைக்காசைப் பார்த்து ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார். திணைக்களத்துக்கு அந்தக் கவலை இல்லை. இவையெல்லாம் வாங்குபவருக்குச் சாதகமானவை.

பாதகம் மீற்றரில் தெரியாத இடத்தில் இருக்கிறது. பொலிஸ் வண்டி ஓடுவதைவிட நிற்பது அதிகம். என்ஜின் அணைக்கப்படாமல், ஏசி, வானொலி, விளக்கு எல்லாம் எரிய, சந்தியில் மணிக்கணக்கில் நிற்கும். சில்லு சுற்றாததால் மீற்றர் ஏறாது. என்ஜினுக்குள்ளே பிஸ்டன் ஏறி இறங்கியபடியே இருக்கும். ஃபோர்ட் நிறுவனமே இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு மணித்தியாலம் நின்ற இடத்தில் இயங்கினால் அது ஏறத்தாழ 33 மைல் ஓடியதற்குச் சமம், எமது கணக்கில் 53 கிலோமீற்றர். ஆகவே மீற்றரில் ஒரு இலட்சம் மைல் காட்டும் ஒரு கார் 6,000 மணித்தியாலம் நின்று இயங்கியிருந்தால் என்ஜினின் உண்மையான வயது மூன்று இலட்சம் மைலுக்குச் சற்றுக் குறைவு. இதனால்தான் அங்கே பழகிய வியாபாரிகள் மைலைக் கேட்கும் முன்னர் மணித்தியாலத்தைக் கேட்கிறார்கள். பிந்திய மாடல்களில் அந்த மணித்தியால எண்ணை மீற்றர் பலகையிலேயே பார்க்கலாம்.

இன்னொரு பாடமும் உண்டு. ரோந்துக் காரும் அதிகாரியின் காரும் ஒன்றல்ல. துப்பறியும் பிரிவினரோ அலுவலக அதிகாரியோ பாவித்த கார் ஒரே சாரதியோடு, கூரையில் விளக்கு இல்லாமல், பின்சீற்றில் கைதி ஏறாமல் இருந்திருக்கும். ரோந்துக் காரில் மூன்று முறைக்கு மூன்று சாரதிகள், நடைபாதைக் கல்லில் ஏற்றியிறக்கிய சில்லுகள், குளிர்ந்த என்ஜினைத் தட்டியதும் பாய்ச்சல். ஏலத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், விலையில் பெரிய வித்தியாசமும் இராது. கூரையில் விளக்கைக் கழற்றிய துளை இருக்கிறதா என்று பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். அந்தத் துளையால் மழைநீர் இறங்கிக் கூரைச் சீலை ஊறியிருப்பதும், வானொலியைப் பிடுங்கியவர் வயரை அப்படியே வெட்டி விட்டுச் சென்றதால் பெற்றரி ஒவ்வொரு இரவும் இறங்குவதும் அங்கே பழகிப்போன முறைப்பாடுகள்.

கிரவுன் விக்டோரியாவுக்குப் பின்னர் வந்த சில மாடல்களில் அதே துணிச்சலோடு கைவைத்தவர்கள் சூடு பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோர்டின் 3.5, 3.7 லீற்றர் வீ-6 என்ஜின் குறுக்காகப் பொருத்தப்பட்ட வண்டிகளில் தண்ணீர்ப் பம்ப் என்ஜினுக்குள்ளேயே டைமிங் செயினால் சுற்றுகிறது. பம்ப் கசிந்தால் தண்ணீர் ஒயிலோடு கலந்து என்ஜினே போய்விடும். முன்னைய கார் அப்பாவித்தனமானது, பின்னையது அப்படியல்ல. பொலிஸ் வண்டி நல்லது, பொலிஸ் வண்டி கூடாது என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். எந்த மாடல், எந்த என்ஜின் என்பதுதான் பேச்சு.

இனி எமது முற்றத்துக்கு வருவோம்.

எமது பொலிஸ் நிலையங்களின் கெப்களிலும் ஜீப்களிலும் பெரும்பாலானவற்றில் மணித்தியால மீற்றர் கிடையாது. ஆனால் அமெரிக்க வியாபாரிக்குக் கிடைக்காத ஒரு ஆயுதம் எமக்கு இருக்கிறது. அதுதான் ரனிங் சார்ட். அரச வாகனம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எவ்வளவு எரிபொருள் அடித்தது என்று பதிவு வைக்க வேண்டும். வண்டியைப் பார்வையிடும் நாளில் இந்தப் பதிவுகளைப் பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். எல்லா இடத்திலும் காட்டமாட்டார்கள். காட்டினால் பாக்கியம்.

பார்த்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு டீசல் கெப் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 1,50,000 கிலோமீற்றருக்கு 15,000 லீற்றர் போதும். பதிவில் 20,000 லீற்றர் இருந்தால் மீதி 5,000 லீற்றர் எங்கே போனது? நின்ற இடத்தில் இயங்கும் கெப் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் குடிக்கும். அப்படியானால் 5,000 மணித்தியாலம் நின்று இயங்கியிருக்கிறது. ஃபோர்டின் கணக்கைப் பிரயோகித்தால் அது இன்னும் 2,65,000 கிலோமீற்றர். அந்தக் கணக்கு அவர்களது பெற்றோல் என்ஜினுக்குச் சொன்னது, எமது டீசலுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனாலும் விலை வைக்கும்போது மனதில் இருக்க வேண்டிய எண் அது. (அந்த 5,000 லீற்றர் என்ஜினுக்குள் போகாமல் வேறெங்காவது போயிருக்கவும் கூடும். அது கணக்காய்வாளரின் வேலை, எமதல்ல.)

பதிவு கிடைக்காவிட்டால் வண்டியே பேசும். பிரேக், கிளச் பெடல்களின் இறப்பர், சாரதி ஆசனத்தின் வலது ஓரம், ஸ்டியரிங் வளையத்தின் மேற்பாகம் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஸ்டார்ட் பண்ண விட்டால் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். டீசல் நீண்ட நேரம் நின்று இயங்கினால் கரி படியும், ஒயில் கெடும், டேர்போ அடைபடும். பெரும்பாலான முற்றங்களில் பெற்றரி செத்திருக்கும். அனுமதி கேட்டு உங்களது பெற்றரியைக் கொண்டு செல்லுங்கள். கூடவே நல்ல மெக்கானிக் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் நாட்கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பவர் ஏலத்துக்கே போகாமல் இருப்பது நல்லது. ஜப்பானிலிருந்து வரும் வண்டிக்கு ஏலத்தாள் இருக்கிறது, தரம் போட்டிருக்கிறார்கள், குறையைப் படமாகவே வரைந்திருக்கிறார்கள். இங்கே கழித்து விடப்படும் வண்டிக்கு அப்படி எதுவும் இல்லை. உள்ளது உள்ளபடி, நிற்கும் இடத்தில் நிற்கும்படி என்பதுதான் நிபந்தனை. கேட்டைத் தாண்டிய பின்னர் முறைப்பாடு செல்லாது.

என்ஜின் பழுது பணத்தால் தீரும், பத்திரப் பழுது அப்படித் தீராது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த வண்டி யார் பெயரில் இருக்கிறது, சேஸிஸ் இலக்கமும் என்ஜின் இலக்கமும் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று கேள்விமனு போடும் முன்னர் பாருங்கள். பொலிஸ் வண்டிகளுக்கு என்ஜின் மாறியிருப்பது புதுமையல்ல. மாற்றியதைப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருந்தால் அந்த அலைச்சல் உங்கள் தலையில். முப்படைகளின் சொந்த இலக்கத்தில் ஓடிய வண்டியென்றால் சாதாரணப் பதிவே இல்லாமல் இருக்கலாம். தீர்வை விலக்கோடு நாட்டுக்குள் வந்த வண்டியென்றால் அந்தத் தீர்வை யாருடைய பொறுப்பு என்று நிபந்தனையில் தேடுங்கள். விலைக்கு மேல் வற் சேருமா, ஏலதாரரின் தரகு எவ்வளவு, எத்தனை நாளுக்குள் வண்டியை அகற்ற வேண்டும், தவறினால் வைப்புப் பணம் என்னவாகும் என்பனவும் அதே தாளில்தான் இருக்கும். நூறு ரூபாய்ச் சரக்குக்கு நான்கு கடையில் விலை கேட்கும் எமது ஆட்கள் இந்த ஒரு தாளை வாசிக்காமல் கையெழுத்து வைப்பதைப் பார்த்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மாத்திரமே, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே 60 இலட்சம் போகும் ஒரு கெப்பை 42 இலட்சத்துக்கு எடுத்துவிட்டீர்கள். பதினெட்டு இலட்சம் இலாபம் என்று வீட்டிலும் சொல்லிவிட்டீர்கள். நான்கு டயர் 2 இலட்சத்து 40 ஆயிரம். பெற்றரி 50 ஆயிரம். கிளச் 1 இலட்சத்து 25 ஆயிரம். டேர்போ ஒன்றரை இலட்சம். பம்பும் இஞ்செக்டரும் 2 இலட்சம். டிங்கரும் பெயின்டும் 4 இலட்சம். வெட்டிவிட்ட வயர்களைத் திருத்த 60 ஆயிரம். சொக் அப்சோபர், புஷ் வகைகள் 1 இலட்சத்து 20 ஆயிரம். இழுத்து வந்த செலவும் பெயர் மாற்றமும் 60 ஆயிரம். கூட்டினால் 14 இலட்சத்து 5 ஆயிரம். வண்டி 56 இலட்சத்தில் வந்து நிற்கிறது. அதற்குள் மூன்று மாதம் கழிந்துவிட்டது. பழைய வண்டி என்பதால் லீசிங் கம்பெனி தயங்கும், ஆகவே வாங்குபவரும் ரொக்கக்காரராக இருக்க வேண்டும். ரொக்கக்காரர் 60 கொடுக்கமாட்டார், 56 கேட்பார். கியர் பெட்டியில் ஒரு சத்தம் வந்தால் கைநட்டம்.

இதே வண்டியை மரக்கறி ஏற்றவோ, ஹார்ட்வெயார் கடைக்குச் சாமான் இறக்கவோ எடுத்தவரின் கணக்கு வேறு. அவருக்கு நான்கு இலட்சத்துக்குப் பெயின்ட் வேண்டாம், துருவை நிறுத்தினால் போதும். டயரை இரண்டு இரண்டாக மாற்றுவார். என்ஜினுக்குள் என்ன போட்டோம் என்பது அவருக்குத் தெரியும், அதன் பலனையும் அவரே அனுபவிப்பார். 50 இலட்சத்துக்குள் பத்து வருடம் உழைக்கும் வண்டி கிடைத்துவிடும். இவருக்குத்தான் நான் "எடுங்கள்" என்று சொல்வது. ஒரேயொரு நிபந்தனை, பாகம் கிடைக்கும் மாடலாக இருக்க வேண்டும். 2022 இறுதியில் இந்தியக் கடனுதவியில் பொலிஸாருக்கு மஹிந்திரா ஸ்கோர்பியோ வண்டிகள் வந்தன. அவையும் ஒருநாள் ஏல முற்றத்துக்கு வரும். இந்திய, ஜப்பானிய மாடல்களுக்குப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கோ ஒரு திட்டத்துக்காகப் பத்து வண்டி மட்டும் இறங்கிய மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். ஒரு முன் லைட்டுக்காக என் கடைக்கு எட்டுத் தடவை வந்து வெறுங்கையோடு போனவரை எனக்குத் தெரியும்.

ஏல முற்றத்தில் நடக்கும் இரண்டு காரியங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஒன்று, விலை கேட்பவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, ஒருவர் மாத்திரம் கேட்க மற்றவர்கள் வாய் மூடியிருந்து, பின்னர் வெளியே தேநீர்க் கடையில் தமக்குள் வித்தியாசத்தைப் பங்கிட்டுக்கொள்வது. இதைச் சிலர் சாமர்த்தியம் என்கிறார்கள். அது பொதுமக்களின் பணம், எடுத்தது எடுத்ததுதான். மற்றது, வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் நடுவில் நின்று விலையை ஏற்றிவிடுவது. நஜ்ஷ் என்று பெயர் சொல்லியே மார்க்கம் தடுத்த காரியம் இது. ஏலத்தில் விற்பதும் வாங்குவதும் ஆகுமானதாக இருக்க, இதை மட்டும் தனியே பிரித்துத் தடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் நேர்மையான வியாபாரிக்கு ஒரே பாதுகாப்பு, வீட்டிலேயே ஒரு உச்ச விலையை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போவது. அந்த எண்ணைத் தாண்டியதும் கையை இறக்கிவிட வேண்டும். இன்னொருவர் ஐம்பதாயிரம் கூடக் கேட்டார் என்பதற்காக நானும் கேட்டேன் என்பவர் வண்டியை வாங்கவில்லை, கோபத்தை வாங்குகிறார்.

பிறகு மீற்றர் சுற்றும் விவகாரம். ஏலத்தில் மூன்று இலட்சம் காட்டிய வண்டி, கராஜிலிருந்து வெளியே வரும்போது தொண்ணூறாயிரம் காட்டுகிறது. கேட்டால், "எல்லோரும் செய்றாங்க தானே நானா" என்று பதில். அமெரிக்காவில் மீற்றரில் கைவைப்பதை 1972ஆம் வருடச் சட்டத்தின் மூலம் தடைசெய்தார்கள். கைமாறும்போது மீற்றர் எண்ணை எழுதிக் கையெழுத்திடவும் வேண்டும். இங்கே நாமோ ஒருவரையொருவர் ஏமாற்றி, கடைசியில் யாரும் எந்த மீற்றரையும் நம்பாத நிலைக்கு வந்துவிட்டோம். குறைந்த எண்ணைக் காட்டினால் சந்தேகம், கூடிய எண்ணைக் காட்டினால் பயம். நஷ்டம் எல்லா வியாபாரிகளுக்கும்தான். என்னைக் கேட்டால், கைபடாத மூன்று இலட்சம் உள்ள வண்டிக்கு ஐந்து இலட்சம் கூடக் கொடுப்பேன். அந்த மீற்றர் உண்மை பேசுகிறது என்றால் அந்த வண்டியில் மற்றவையும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. பொலிஸ் வண்டியை விற்கும்போது பொலிஸ் வண்டி என்று சொல்லியே விற்கலாம். கேள்விமனுப் பற்றுச்சீட்டையும் பிரதி எடுத்துக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும், ஆள் திரும்பி வருவார்.

முதல் குறைந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நீதிமன்றங்கள் உரிமை கோரப்படாத வழக்குப் பொருட்களை ஏலத்தில் விடும்போது மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வரும். வர்த்தமானியில் அறிவித்தல் வெளியாகும். இலக்கமில்லாதவற்றை மீண்டும் வீதியில் ஓட்ட நினைக்காதீர்கள். அவற்றைப் பாகமாகக் கழற்றி விற்கும் தொழிலுக்குத்தான் எடுக்க வேண்டும். கியர் பெட்டி ஒரு விலை, முன் சில்லு ஒரு விலை, மீதி இரும்பு கிலோக் கணக்கில். அடையாள அட்டையும் ரொக்கப் பணமும் கையில் இருக்க வேண்டும், அன்றைக்கே கட்டி அன்றைக்கே அகற்றச் சொல்வார்கள். ஆகவே ஏலத்துக்குப் போகும் முன்னர் ஒரு பட்டா வண்டியைப் பேசி வாசலில் நிறுத்திவிட்டுப் போங்கள். கொடுத்த பற்றுச்சீட்டை ஒருபோதும் எறிந்துவிட வேண்டாம். பழைய பாகம் எங்கிருந்து வந்தது என்று யாராவது விசாரித்தால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.